பதினோராவது பொருத்தம்

பழைய கன்ட்ரோலரில் எட்டு பட்டன்கள் இருக்கின்றன. நான்கு திசைக்கு நான்கு, தொடங்க ஒன்று, தேர்ந்தெடுக்க ஒன்று, அமுக்கி விளையாடச் சிவப்பில் இரண்டு. இதயத்துக்கென்று ஒன்பதாவது பட்டன் இல்லை. இது எனக்குத் தெரியும். என் முதலாளி கீர்த்தனா அக்காவுக்கு அரைகுறையாகத் தெரியும். மூன்று வருடமாக எங்கள் மையம் சேர்த்துவைத்த இருநூற்றுப் பன்னிரண்டு தம்பதிகளுக்குத் தெரியாது.

நான் இயற்பியல் படித்தவள். ஈரோட்டில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் வேலை. 'நாடி' பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பெண் பார்க்கும் வீடுகளுக்குப் போவேன்.

'நாடி' முப்பது ஆண்டுகளுக்கு முன் குழந்தைகளுக்காக வந்த வீடியோ கேம். அதில் ஒரு பரிசல் விளையாட்டு உண்டு. இருவர் துடுப்புப் போட வேண்டும். கன்ட்ரோலரின் முதுகில் மெல்லிய தகடு இருக்கும். அது உள்ளங்கையிலிருந்து நாடியையும் வியர்வையையும் படிக்கும். இரண்டு நாடியும் ஒத்துப்போனால் பரிசல் நேராகப் போகும். ஒத்துப்போகாவிட்டால் சுழலும். கரை சேர்ந்ததும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் வரும். யாரோ ஒருவர் தன் மகளையும் வரப்போகும் மாப்பிள்ளையையும் இதன் முன் உட்காரவைத்திருக்கிறார். அப்புறம் எல்லோரும் உட்காரவைத்தார்கள். இன்றைக்கு ஜோசியர்கள் பத்துப் பொருத்தம் பார்த்துவிட்டு, "பதினொண்ணாவதுக்குப் பெட்டிக்காரங்களைக் கூப்பிட்டுக்குங்க" என்று எழுந்துவிடுகிறார்கள். அறுபதுக்குக் கீழே வந்தால் மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியோடு கிளம்பிவிடுவார்கள்.

பெட்டி செய்த நிறுவனம் மூடிப் பல காலம் ஆகிறது. உபயோகத்தில் இருந்த தகடுகள் ஒவ்வொன்றாக உரிந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் இருந்த கடைசி ஜோடியில் ஒன்று செத்தது.

"எப்பிடியாச்சும் பண்ணு மயிலா. பெட்டி ஓடோணும்" என்றார் கீர்த்தனா அக்கா.

பழைய இரும்புக் கடையில் இன்னும் பழைய கன்ட்ரோலர்கள் கிடைத்தன. வேறொரு கம்பெனி, வேறொரு பெட்டி, 'நாடி' வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய காலம். செங்கல் மாதிரி இருந்தன. அதனால் கெட்டுப்போகவும் இல்லை. தீப்பெட்டி அளவில் ஓர் அடாப்டர் செய்தேன். பட்டன்கள் இரண்டே நாளில் வேலை செய்துவிட்டன. தகராறு வேறு இடத்தில் வந்தது. பெட்டி நொடிக்கு அறுபது தடவை இரண்டு கேள்விகள் கேட்கும். எந்த பட்டன் அமுங்கியிருக்கிறது? நாடி என்ன? இரண்டாவது கேள்விக்குப் பழைய கன்ட்ரோலரிடம் பதில் இல்லை. பேசாமல் இருக்கும். நானும் நாலு பேர் கூடிய இடத்தில் அப்படித்தான் என்பதால் அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பெட்டி, 'கையைச் சரியாக வைக்கவும்' என்று எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

அதற்கு ஒரு நாடி தேவை. உயிரோடிருந்த கடைசித் தகட்டை என் கையில் பிடித்து, ஒரு மதியம் நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். அதை அடாப்டருக்குள் போட்டேன். பெண்ணின் கன்ட்ரோலருக்கு முதல் நிமிடத்திலிருந்து. மாப்பிள்ளையின் கன்ட்ரோலருக்கு இருபதாவது நிமிடத்திலிருந்து. பட்டன் அமுக்கும் வேகத்துக்கேற்ப முன்னே பின்னே கொஞ்சம் மாறும்படி வைத்தேன். சோதனைக்காகத்தான் செய்தேன். மறுநாள் நல்ல நாள். அக்கா பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்.

முதல் ஜோடிக்கு எண்பத்தொன்று. அடுத்ததற்கு எழுபத்தெட்டு. முன்பெல்லாம் பத்தில் நான்கு தேறும். இப்போது எல்லாமே தேறின. எல்லோரும் என் நாடியோடு என் நாடியைப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஒருமுறை அக்காவிடம் சொல்லப் பார்த்தேன்.

"அக்கா, அந்த கன்ட்ரோலர்ல நாடி பார்க்கிற வசதி இல்லைங்க."

"நம்பர் வருதல்ல?"

"வருதுங்க."

"அப்புறமென்ன."

ஊர் அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தது. எனக்குக் கைராசி என்றார்கள். 'அந்தப் பேசாத புள்ளையை அனுப்புங்க' என்று கேட்டு வாங்கினார்கள். நான் பெட்டியை வைக்கும் திசையைக்கூடக் கவனித்தார்கள்.

பிடிபட்டால் என் வேலை போகும். அது போகட்டும். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில், ஏதோ ஒரு சண்டையின் நடுவில், "அந்த நம்பரே பொய்யாமே" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார். என் பயம் அதுதான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். பெண் பெயர் பாவாத்தாள். கால்நடை மருத்துவர். மாப்பிள்ளை பெயர் சென்னிமலை. எங்கள் தலைமுறைக்கு இப்படிப் பெயர் வைப்பதுதான் நாகரிகம். ஹரிணி, ஆதித்யா என்பதெல்லாம் பெரியவர்கள் பெயர். மாப்பிள்ளையை வளர்த்த அத்தை ஹரிணி. அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அத்தை சொன்னால் சொன்னதுதான். அத்தையின் கணவர் ஆதித்யா, பஞ்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஹாலில் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பெண் அறைக்குள்ளிருந்து கை காட்டிக் கூப்பிட்டாள். போனேன். கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். நானும் அவரும் அஞ்சு வருசமாப் பழகறோம். அவரு மாட்டுக்கு மடிநோய்னு வந்தாரு. மாடு மூணு நாள்ல சரியாயிருச்சு. அவரு வாரா வாரம் வந்துட்டே இருந்தாரு."

"வீட்டுக்குத் தெரியுமா?"

"எங்கம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கறாங்க. இன்னிக்கு நானும் புதுசாப் பார்க்கற மாதிரிப் பார்க்கோணும். உங்க பெட்டின்னா எண்பதுக்குக் குறையாதாமே?"

"யாருங்க சொன்னாங்க?"

"எல்லாரும். அதனாலதான் உங்களையே கேட்டோம். அந்த அத்தை எத்தனை சம்பந்தத்தை நிறுத்தியிருக்காங்க தெரியுமா? ஒரு மார்க் குறைஞ்சாலும் எந்திரிச்சுருவாங்க."

"கவலைப்படாதீங்க" என்றேன். நான் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை.

ஹாலுக்குத் திரும்பினால், ஆதித்யா மாமா என் கன்ட்ரோலர் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அவருடைய இரண்டு கட்டைவிரல்களும் தாமாகவே பட்டன்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

"அம்மிணி, இது எங்க வீட்டுல இருந்துச்சு. நான் நாலாவது படிக்கறப்ப. டிவி கேம்னு சொல்லுவோம். இது உங்க பெட்டியோட ரிமோட் இல்லையே?"

"வேற பெட்டியோடதுங்க. அடாப்டர் போட்டிருக்கேன்."

"பிளக்கு ஒத்துக்காதே?"

"ஒம்பது ஓட்டை பிளக்குங்க. மாத்தி இணைச்சிருக்கேன்."

"பட்டனு சரி. இது எட்டையும் ஒண்ணொண்ணா வரிசையா அனுப்பும். அதைப் பிரிச்சுக்கலாம்." அவர் கன்ட்ரோலரைத் திருப்பி முதுகைப் பார்த்தார். முதுகில் நான்கு திருகாணிகள் மட்டும் இருந்தன. "நாடி?"

"அது... உள்ளாற இருக்குதுங்க."

"எதுக்குள்ளாற?"

"அடாப்டருக்குள்ளாறங்க."

"கை இங்கிருக்குது. அடாப்டர் அங்கிருக்குது."

நான் ஒயரைச் சுற்றினேன். சுற்றிய ஒயரைப் பிரித்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்லவேளையாக அந்த நேரம் அத்தை கூப்பிட்டார். நல்லவேளை என்றுதான் அப்போது நினைத்தேன்.

"அந்தப் பழசையெல்லாம் எடுத்து வை கண்ணு. நான் அசல் கொண்டாந்திருக்கேன்."

அத்தை மஞ்சள் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். மேலே சிரிக்கும் பரிசல் படம். காற்றுப் புகாத உறை பிரிக்கப்படவே இல்லை. 'நாடி'யின் அசல் கன்ட்ரோலர்கள், இரண்டு. மூன்று வருடமாக நான் தேடாத இடமில்லை.

"சேலத்துல ஒரு கிடங்குல கெடந்துச்சு. என்ற கொழுந்தனார் மவன் புடிச்சுக் குடுத்தான். எல்லாருக்கும் எண்பது, எண்பத்தஞ்சுன்னு வந்தா எனக்கு நம்பிக்கை வல்ல பாரு. இஸ்கோல்லகூட அப்பிடிப் போட மாட்டாங்க."

தகடு உரிந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே உறையைப் பிரித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பெட்டியில் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. என் அடாப்டர் தரையில் கிடந்தது. அறை வாசலில் நின்ற பாவாத்தாள் என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

இருவரும் உட்கார்ந்தார்கள். பதினைந்து பேர் பின்னால் நின்றார்கள். பரிசல் புறப்பட்டது. ஐந்து வருடம் பழகியவர்கள் புதிதாகப் பார்ப்பதுபோல நடிக்க வேண்டும்; அத்தை பின்கழுத்தில் மூச்சு விடுகிறார்; நாடி எப்படி ஒத்துப்போகும்? டிவியின் மூலையில் வரும் நாடி எண்ணில் அவளுடையது நூற்றிருபதைத் தாண்டியது. பயந்தால் உறைந்துபோகிற ஆள் போலிருக்கிறது சென்னிமலை. அவனுடையது அறுபத்தைந்தில் நின்றது. பரிசல் ஆற்றின் நடுவில் ஆட்டுக்கல் மாதிரிச் சுற்றியது.

முப்பத்து நான்கு.

யாரோ பஜ்ஜியைக் கடித்த சத்தம் கேட்டது. பிறகு கடித்தவரும் நிறுத்திக்கொண்டார்.

அத்தை முந்தானையைச் சரிசெய்தார். அது எழுந்திருப்பதற்கு முந்தைய அசைவு என்று எனக்குத் தெரியும். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

"அளவு பார்க்கலைங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் பேசியதில் எனக்கே ஆச்சரியம்தான்.

"புதுத் தகடுங்க. முப்பது வருசமாப் பெட்டியில இருந்திருக்குது. முதல்ல தெரிஞ்ச ஜோடியை வெச்சு அளவு பார்க்கோணும். தராசுக்குப் படிக்கல் வெக்கிற மாதிரி. ரொம்ப வருசம் ஒட்டுக்கா வாழ்ந்தவங்க யாராச்சும்..."

"முப்பத்தாறு வருசம்" என்றார் அத்தை. "போதுமா? ஏனுங், வாங்க இங்க."

ஆதித்யா மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். தொண்ணூறாவது வராமல் இருக்காது என்று நானும் நம்பினேன். அப்படி வந்தால் என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை துடுப்பை இழுத்த இழுப்பில் பரிசல் தண்ணீருக்கு மேலே எழும்பியது. "இந்தப் பக்கம் போடுங்க. உங்களுக்கு எப்பவும் இதுதான். சொல்ற பக்கம் போட மாட்டீங்க." மாமா எதிர்ப்பக்கம் போட்டார். பரிசல் ஒருமுறை கவிழ்ந்து நிமிர்ந்தது.

பத்தொன்பது.

இந்தத் தடவை ஒருவர் சிரித்துவிட்டார். பெண்ணின் சித்தப்பா. சிரித்ததும் வெளியே போய்விட்டார்.

அத்தை அந்த எண்ணைப் பார்த்தபடி இருந்தார். முகத்திலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. "பத்தொம்பதா?" என்றார், டிவியிடம். பிறகு மாமாவைப் பார்த்தார். "பத்தொம்பதுங்களா?"

"எனக்கென்ன தெரியும் ஹரிணி. பெட்டி சொல்லுது."

என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அத்தையின் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கினேன். மாமாவின் கையிலிருந்ததையும் வாங்கினேன். தரையில் உட்கார்ந்து வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று பிடித்துக்கொண்டேன்.

"இப்ப பாருங்க. ஒரே ஆளு. ஒரே நாடி. நூறு வரோணும். நூறு வரலைன்னா பெட்டி தப்புன்னு அர்த்தம்."

பதினைந்து பேர் என் முதுகைப் பார்த்தார்கள். அதற்கு முன் யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பரிசல் கொஞ்ச தூரம் நேராகப் போனது. பிறகு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

நாற்பத்தொன்று.

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான் எழுந்து திரும்பினேன். இதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

"பாவம்" என்றார் ஓர் அம்மா. "அவளுக்கே அவ ஒத்து வல்ல."

"அதான் இன்னும் கல்யாணம் ஆகலையாட்ட இருக்குது" என்றார் இன்னொருவர்.

"இல்லைங்க" என்றேன். "ஒரே இதயம்தானுங்க. இரண்டு கைக்கும் அதேதானுங்க போகும். அப்ப பெட்டி..."

"இடது கை சொல்றதை வலது கை கேக்காத ஆளுக நெறையப் பேரு இருக்கறாங்க அம்மிணி" என்றார் பெண்ணின் பெரியப்பா. எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

அத்தை முடிவெடுத்துவிட்டார். "இந்தச் சேலத்துச் சாமான் ராசியில்லை. பழசையே மாட்டு கண்ணு. முதல்ல எங்க ரெண்டு பேத்துக்கும் பாரு."

நான் அடாப்டரைச் சொருகினேன். என்னைக் காப்பாற்ற வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை, ஆனாலும் காப்பாற்றிவிட்டார்கள். செங்கல் கன்ட்ரோலர்களை அத்தையும் மாமாவும் பிடித்தார்கள். பரிசல் தைலம் தடவிய மாதிரிப் போனது.

எண்பத்து நான்கு.

கைதட்டினார்கள். சித்தப்பா திரும்ப உள்ளே வந்தார். அத்தையின் கண் நிறைந்துவிட்டது. "முப்பத்தாறு வருசம் இதையெல்லாம் வெளிய காட்டிக்கவே இல்லையே நீங்க" என்று மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். மாமா கன்ட்ரோலரின் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"அது உங்களோடது இல்லைங்க" என்றேன்.

"எது?"

"எண்பத்து நாலு. அந்த ரிமோட்டுல வெறும் பட்டன்தானுங்க இருக்குது. நாடி பார்க்காது. அடாப்டருக்குள்ள என்ற நாடியைப் பதிஞ்சு வெச்சிருக்கேன். பொண்ணுக்கும் அதுதான். மாப்பிள்ளைக்கும் அதுதான். மூணு வருசமா எல்லாருக்கும் அதுதானுங்க."

வண்டிச் சாவி எங்கே என்று யோசித்தேன்.

மாமாதான் முதலில் பேசினார். "எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு. நம்ம வூட்டுல இத்தனை அமைதி எந்தக் காலத்துல இருந்துச்சு?"

"அப்ப இத்தனை கல்யாணமும்?" என்றார் பெண்ணின் பெரியப்பா.

"நானும் நானுமுங்க."

"எத்தனை பேரு பிரிஞ்சிருக்காங்க?"

"மூணு ஜோடிங்க. கேட்டு வெச்சிருக்கேன்."

"இருநூத்திச் சொச்சத்துல மூணா?" அவர் கணக்குப் போட்டார். "அசல் தகடு இருந்தப்பவே இதைவிட அதிகமா இருந்துச்சே."

"அது வேறங்க. அப்ப காலம் வேற, ஆளுக வேற. அதுலருந்து இப்பிடி முடிவுக்கு வரக் கூடாதுங்க" என்றேன். நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"ஏன் கண்ணு" என்றார் பாவாத்தாளின் அம்மா, "அதைப் பதிஞ்சப்ப நீ என்ன பண்ணிட்டிருந்தே? சாமி கும்பிட்டுட்டிருந்தியா?"

"இல்லைங்க."

"பின்னே?"

"ஒண்ணும் பண்ணலைங்க. எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. வீட்டுல நான் மட்டுந்தான். ஃபேன் ஓடுச்சு. நாப்பது நிமிசம் யாரும் என்னை ஒண்ணுமே கேக்கலைங்க."

ஆண்கள் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். பெண்கள் காத்திருக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஹாலில் இருந்த எட்டுப் பெண்களும் சற்று நேரம் அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

"அதான் இத்தனை நேராப் போகுது" என்றார் பாவாத்தாளின் அம்மா.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. "அந்த நாப்பது நிமிசத்தையே இவங்களுக்கும் போடு கண்ணு" என்றார்கள். பொய் என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியும், போடு" என்றார்கள். அத்தை சரியென்று தலையை மட்டும் அசைத்தார். பாவாத்தாளும் சென்னிமலையும் உட்கார்ந்தார்கள். எண்பத்திரண்டு. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தும் கைதட்டு முன்னைவிடப் பலமாகக் கேட்டது. சென்னிமலை மட்டும் நிம்மதியில் இரண்டு நிமிடம் கன்ட்ரோலரைக் கீழே வைக்காமல் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தான். பாவாத்தாள் அதை அவன் கையிலிருந்து எடுத்து வைத்தாள்.

கீர்த்தனா அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை பேத்துக்கு முன்னால சொன்னே?"

"பதினஞ்சுங்க."

"சண்டை வந்துச்சா?"

"இல்லைங்க. ரெண்டு பேரு அவங்க வீட்டுக்குத் தேதி கேட்டாங்க."

அக்கா டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "உடம்பைப் பார்த்துக்க மயிலா. காப்பி நெறையக் குடிக்காதே" என்றார்.

எல்லோரும் வாசலில் போட்டிருந்த பந்தலுக்குச் சாப்பிடப் போனார்கள். நான் பெட்டியைக் கட்ட ஹாலில் தனியாக இருந்தேன். அத்தை வந்தார். கதவைச் சாத்தினார்.

"அந்த ரெண்டு கை வேலையை எனக்கு ஒருக்கா காட்டு."

நான் அசல் கன்ட்ரோலர்களைத் திரும்பவும் சொருகினேன். அத்தை சோபாவின் நுனியில் உட்கார்ந்து இரண்டையும் இரண்டு கையில் பிடித்தார். இந்தத் தடவை துடுப்பை இழுத்துப் போடவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

முப்பத்தேழு.

"இன்னொருக்கா."

ஐம்பத்திரண்டு.

"இன்னொருக்கா."

இருபத்தொன்பது.

"நான் ஒரு ஆளுதானே?"

"ஆமாங்கம்மா."

"அப்ப இது என்னத்தைச் சொல்லுது?"

"ஒண்ணையும் சொல்லலைங்கம்மா. நாடியைச் சரியாத்தான் எண்ணுது. மூலையில போடுதல்ல, அந்த நம்பர் நெசம். ஒத்துப்போகுதான்னு போடற மார்க்குதான் சும்மா. கை வேர்த்துப் பதறினாக் கொறையும், பதறலைன்னாக் கூடும், அவ்வளவுதானுங்க. விளையாட்டுக்குன்னு வெச்சதுங்க. கொழந்தைக போர் அடிக்காம ஆடோணும்னு."

"எப்பவும் இப்பிடித்தானா? புதுசா வந்தப்பவே?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "எப்பவும் இப்பிடித்தானுங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகுதான் தோன்றியது.

அத்தை கன்ட்ரோலர்களை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ற மவளுக்கு இருபத்தெட்டு வந்துச்சு. பதினோரு வருசம் ஆச்சு. நல்ல பையன். எங்களோட உக்காந்து சாப்புட்டான். ஒரு குறை சொல்ல முடியாது. நான்தான் எந்திரிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அவனுக்கு இப்ப ரெண்டு கொழந்தைக. இவ கோயமுத்தூர்ல தனியா இருக்கறா. பேசறதில்லை."

பெட்டியின் கேள்விக்குப் பழைய கன்ட்ரோலர் எப்படி நின்றதோ அப்படி நின்றேன்.

அத்தை இடுப்பிலிருந்து போனை எடுத்தார். பெயரைத் தேடி எடுத்துவிட்டு, அமுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேரை ஒரே சொல்லில் உட்காரவும் எழவும் வைத்தவர்.

"என்னன்னு ஆரம்பிக்கறது கண்ணு?"

"சாப்பிட்டியான்னு கேளுங்கம்மா."

அமுக்கினார். மணி போனது. அவருடைய இடது கை, அவருக்கே தெரியாமல், மடியிலிருந்த கன்ட்ரோலரின் முதுகைப் பற்றியிருந்தது. டிவியின் மூலையில் நாடி எண் ஏறிக்கொண்டே போனது. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினெட்டு. நூற்று முப்பது. மணி நீண்ட நேரம் போனது. எடுக்க மாட்டாள் என்று நான் நினைத்த நேரத்தில் ஒரு பெண் குரல், "ம்" என்றது.

அத்தை வாயைத் திறந்தார்.

நான் டிவியை அணைத்தேன். பெட்டியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று கதவை மெதுவாகத் திறந்து வெளியே வந்தேன். சாத்தும்போது உள்ளே கேட்டது.

"நான்தான். சாப்புட்டியா?"